அளவு நாற்காலி

டேப்காரர் முதல் தடவை வந்த அன்று தையல்காரி உட்கார்ந்திருந்தது அவளுடைய நாற்காலியில் இல்லை. நடந்த அத்தனைக்கும் அதுதான் மூலம். இதை அவள் அன்றைக்கே சொன்னாள். பிறகும் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று அவள்மேல் யாரும் பழி போட முடியாது.

சந்தைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சாவி போடும் கடையைத் தாண்டி மூன்றாவது கடை அவளுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஈரப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. மிஷினின் மிதியைக் காலடியில் வைக்காமல் மேசைமேல் வைத்திருந்தாள். இடது முழங்கையால் அதை அழுத்தி, வலது கையால் துணியை நகர்த்தித் தைப்பாள். புதுத் துணி அவளிடம் அதிகம் வராது. பிடித்துக் கொடுப்பது, பிரித்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் கூடவே ஒரு பழைய சட்டையை நீட்டி, இந்த அளவுக்கு வைத்துவிடுங்கள் என்பார்கள். அளவுச் சட்டை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். அண்ணனுடைய சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணத்துக்கு முந்தின சட்டையைக் கொண்டுவருவார்கள். கடைசியில் பொத்தான் போட முடியவில்லை என்று அவளிடமே சண்டைக்கு நிற்பார்கள். அதனால் கொண்டுவந்த சட்டையை ஓரமாகப் போட்டுவிட்டு அவள் இன்ச் டேப்பை எடுத்துவிடுவாள்.

"நிமிர்ந்து நில்லுங்க. கூனிக்கிட்டு நின்னா கூனுக்குத்தான் சட்டை வரும்."

அந்த வாரம் அவளுடைய நாற்காலி முன்சக்கரம் உடைந்து வெல்டிங் பட்டறையில் கிடந்தது. வெல்டிங்காரர் பட்டறை மூலையிலிருந்து ஒரு சின்ன நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, ரெண்டு நாள் சமாளிச்சுக்கங்க அக்கா என்று கொடுத்துவிட்டுப் போனார். பத்து வயதுப் பள்ளிக்கூடப் பெண்ணுக்காகச் செய்தது. அந்தப் பெண் வளர்ந்துவிட்டாள், நாற்காலி வளரவில்லை. தையல்காரிக்கு மெலிந்த உடம்பு. இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்விக்கொண்டாலும் உட்கார முடிந்தது.

இரண்டாம் நாள் காலையில் 'அனைவருக்கும் வழி ஆணையம்' என்று மார்பில் அட்டை குத்திக்கொண்டு டேப்காரர் வந்தார். அவருக்குப் பெரிய பதவிப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் இடுப்புப் பெல்ட்டில் எப்போதும் ஓர் இரும்பு டேப் தொங்கியதால் சந்தையில் எல்லோருக்கும் அவர் டேப்காரர்தான். வயது ஐம்பது இருக்கும். மரியாதை தெரிந்த மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் வந்தார்.

"அம்மா, கொஞ்சம் அசையாம இருங்க. அளவு எடுத்துக்கறேன்."

"எதுக்குங்க?"

"உங்களுக்காகத்தான்."

டேப் சரக்கென்று வெளியே வந்தது. பின்சக்கரத்துக்குப் பின்சக்கரம் இருபது அங்குலம். எழுதிக்கொண்டார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இது என் வண்டி இல்லங்க. என் வண்டி பட்டறையில இருக்கு. இது சின்னப் பொண்ணோடது."

"உக்காந்திருக்கறது நீங்கதானே?"

"நான்தான்."

"உங்களுக்குக் கீழ இருக்கறது நாற்காலிதானே?"

"ஆமா, ஆனா இரவல்."

அவர் படிவத்தை மேலிருந்து கீழே ஒரு முறை பொறுமையாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

பிறகு சம்மதப் படிவத்தை நீட்டினார். ஆணையம் எதையும் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் செய்யாது என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'ஆம்', இன்னொன்றில் 'மனமார ஆம்'. அவள் யோசித்துவிட்டு முதல் கட்டத்தில் குறி போட்டாள். டேப்காரர் முகம் கொஞ்சம் வாடிப்போனது. நாற்காலியின் அச்சில் கம்பி சுற்றி ஈய முத்திரை ஒன்றை நசுக்கிப் பொருத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அவளுடைய நாற்காலி வந்துவிட்டது. சின்ன நாற்காலியை வெல்டிங்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. முத்திரையைப் பார்த்தவர் கையை எடுத்துவிட்டார். அது கடை மூலையில், நூல்கண்டு டப்பாக்கள் அடுக்குவதற்கு உபயோகமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஊரில் கதவுகள் குறுக ஆரம்பித்தன. முதலில் தபால் அலுவலகம், பிறகு வங்கி, நூலகம், பொதுக் கழிப்பறை. பழைய நிலையைப் பெயர்த்து, இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் பூசி, இருபத்தோரு அங்குலம் மட்டும் விட்டார்கள். இருபது அளவு, ஒன்று தாராளம். உடம்பு பெருத்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் பச்சைப் பலகை மாட்டினார்கள். 'அனைவருக்கும் வழி.'

ஆணையத்தின் தலைமை அலுவலகக் கதவைத் திறந்துவைக்கத் தையல்காரிக்கு அழைப்பு வந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தங்கைதான் அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். அக்காவும் தங்கையும் மட்டும்தான் வீட்டில். இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு போனார்கள். ரிப்பனை வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். உள்ளே போகச் சொன்னார்கள். அவளுடைய நாற்காலி வாசலில் முட்டிக்கொண்டு நின்றது.

"கதவு குறுகலா இருக்குங்க" என்றாள் தங்கை.

டேப்காரர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். கதவை அளந்தார். நாற்காலியை அளந்தார்.

"கதவு சரியா இருக்கு. இருபத்தொண்ணு. அம்மாதான் நாலு அங்குலம் தப்பா வந்திருக்காங்க."

வண்டி அனுப்பிக் கடையிலிருந்து சின்ன நாற்காலியை வரவழைத்தார்கள். நூல்கண்டுகளை யாரோ தரையில் கொட்டிவிட்டு எடுத்து வந்திருந்தார்கள். அவளை அதில் மாற்றி உட்கார வைத்ததும் வாசலில் சுலபமாக நுழைந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆணையரும் தட்டினார். ஆணையர் ஒரு பெண்மணி. குரல் அத்தனை இதமானது. பேசி முடிக்கும்வரை தையல்காரியின் கையை விடவே இல்லை.

"இத்தனை காலமாகக் கதவுகள் மனிதர்களைக் கேட்காமலே கட்டப்பட்டன. நாங்கள் கேட்டோம். ஆயிரம் பேரைக் கேட்டிருந்தால் ஆயிரம் அளவு வந்திருக்கும். ஆளுக்கொரு அளவு என்றால் ஆணையம் எதற்கு? அதனால் ஒருவரைக் கேட்டோம். ஒரே அளவு வந்தது. அதற்குப் பெயர்தான் சமத்துவம். இந்தச் சகோதரிதான் இனி இந்த ஊரின் ஒப்பளவு நபர்."

தையல்காரி மெதுவாக அவர் பக்கம் சாய்ந்து, இந்த நாற்காலி தன்னுடையதில்லை என்று சொன்னாள். ஆணையர் அவள் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"தெரியும்மா. அடக்கமா பேசறீங்க. இனிமே இது உங்களோடதுதான்."

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒப்பளவு நபர் ஒப்பளவு நாற்காலியிலேயே இருக்க வேண்டும். நாற்காலி மாறினால் அளவு மாறும். அளவு மாறினால் அதுவரை கட்டிய நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் அந்த நிமிஷமே சட்டவிரோதமாகிவிடும். அந்தக் குற்றம் யாரைச் சேரும் என்பதை உத்தரவு பெயர் சொல்லாமல் குறிப்பிட்டிருந்தது. மீறினால் கடை அனுமதி ரத்து. அவளுடைய பழைய நாற்காலியைப் பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை டேப்காரர் சரிபார்க்க வருவார். வருவது காலடியில் தெரியாது. தாழ்வாரத்தில் டேப் ஒரு முறை சரக்கென்று இழுபட்டுத் திரும்பும் சத்தத்தில்தான் தெரியும். நாற்காலியை அளப்பார், பிறகு அவளை அளப்பார். ஒரு மாதம் இடுப்பு அரை அங்குலம் கூடியிருந்தது. 'விலகல்' என்று எழுதி, இனி இரவில் கஞ்சி மட்டும் குடிக்கும்படி சிபாரிசு செய்தார். இன்னொரு மாதம் கொண்டை உயரமாக இருக்கிறது என்றார். அவள் பின்னிக்கொண்டாள்.

சந்தையில் அவளிடம் பேச்சு குறைந்தது. வங்கியில் சிக்கிக்கொண்டவர்கள், கழிப்பறை வாசலில் திரும்பி வந்தவர்கள், எல்லோரும் அவள் கடையைக் கடக்கும்போது உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்.

"உன் இடுப்புக்குத் தகுந்த மாதிரி ஊரையே பிடிச்சுத் தச்சிட்டியே, நல்லா இருப்பே நீ."

பக்கத்துக் கடை போன் ரிப்பேர்காரர் மட்டும் பழையபடியே பேசினார். அவரும் சக்கர நாற்காலிக்காரர்தான். ஆள் ஆஜானுபாகு, நாற்காலி இருபத்தேழு அங்குலம். தையல்காரியைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். நாள் முழுக்க ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சந்தைக் கடைகளின் கதவை ஆணையம் திருத்த வந்தபோது அவர் உள்ளே ஒரு போனைப் பிரித்துப் போட்டுக் கவனமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து நிமிர்ந்தபோது கதவு இருபத்தொன்றாகிவிட்டிருந்தது. இரண்டு நாள் உள்ளேயே இருந்தார். சாப்பாட்டை அந்த இடைவெளி வழியாகத்தான் நீட்டினார்கள். "தங்கச்சி, எனக்கு வாடகை இல்லாம வீடு கிடைச்சிருச்சு" என்று உள்ளேயிருந்தே சிரித்தார். மூன்றாம் நாள் ஆணையத்தின் வண்டி வந்தது. அளவுக்கு வராதவர்களுக்கென்று ஊருக்கு வெளியே ஒரு பொருத்தும் மையம் திறந்திருக்கிறார்கள், அங்கே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். நாற்காலியை நடுவில் அறுத்துச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். தொடைகள் இரண்டையும் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். கைகள் இரண்டும் முட்டிகளுக்கு நடுவே செருகியபடி இருந்தன. வாசலில் தங்குதடையில்லாமல் நுழைந்தார்.

"அண்ணே, எப்படி இருந்துச்சு அங்க?"

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

அவ்வளவுதான். கண் கதவிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து பாட்டு வரவில்லை. அன்று சாயங்காலம் வெல்டிங்காரர் வந்து தையல்காரியின் மேசைப் பக்கத்தில் நின்றார். போகும்போது சொன்னார்.

"என்னைத்தான் கூட்டிட்டுப் போனாங்க அக்கா. என் கையாலதான் அறுத்தேன். அவர் உக்காந்திருக்கும்போதே அறுக்கச் சொன்னாங்க. அங்க வரிசையில இன்னும் நிறையப் பேர் இருக்காங்க."

தையல்காரிக்குப் புண் வந்தது தங்கை கண்டுபிடித்துத்தான் தெரியும். குளிப்பாட்டும்போது தங்கையின் கை நின்றுவிட்டது. இடுப்பு எலும்பின் இரண்டு பக்கமும், நாற்காலியின் கம்பி அழுத்தும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அடுத்த வாரம் கறுத்தது. அதற்கடுத்த வாரம் தோல் விட்டுப்போய் வாடை அடித்தது. அவளுக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மருத்துவமனையிலிருந்து தெருவுக்கு வந்துபோகிற நர்ஸம்மாவைத் தங்கை அழைத்து வந்தாள். பல வருஷப் பழக்கம். பார்த்துவிட்டு நர்ஸம்மா கையுறையைக் கழற்றாமலே பேசினார்.

"இனிமே உக்காரவே கூடாது. அரை மணிகூடக் கூடாது. குப்புறப் படுத்தே இரு. இன்னும் ஒரு விரக்கடை உள்ள போச்சுன்னா எலும்பைப் பிடிச்சிரும். அப்புறம் என் கையில இல்ல."

நாற்காலியிலிருந்து விடுவிக்கும்படி தையல்காரி மனு எழுதினாள். இது ஒரு சின்னப் பெண்ணின் நாற்காலி, நான் இரவல் வாங்கினேன், தப்பு அங்கேதான் நடந்தது, என்னை மறுபடி அளந்தால் சரியாகிவிடும் என்று நான்கு வரியில் எழுதினாள். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். ஒப்பளவு நாற்காலியில் வரச் சொன்னார்கள். தங்கை அடியில் இரண்டு தலையணையை வைத்து, அது நுழையாமல், ஒன்றை எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.

அது நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆணையர், ஓரத்தில் டேப்காரர். அறை மூலையில் ஏதோ ஒரு பொருள் வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. ஆணையர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புண்ணுன்னு எழுதியிருக்கீங்க. வலிக்குதா?"

"எனக்கு அங்க உணர்வே இல்லங்க."

"அப்ப கஷ்டம் ஒண்ணும் தெரியாது" என்று ஆணையர் நிம்மதியாக மூச்சு விட்டார். டேப்காரர் எழுதிக்கொண்டார்.

தங்கை குறுக்கிட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்லங்க. அக்காவோட வண்டியைக் கொடுத்திருங்க. இன்னொரு தடவை அளந்துக்கங்க."

ஆணையருக்குக் கோபமே வரவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார். மறுபடி அளந்தால் முதல் அளவு தப்பு என்று ஆகும். முதல் அளவு தப்பு என்றால் ஆணையம் தப்பு. ஆணையம் தப்பு என்றால் இந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருக்கிற ஒரே ஆதரவும் போய்விடும். அப்படி ஒரு கொடுமையை உங்கள் மக்களுக்கே நீங்கள் செய்யலாமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

"தொடக்கத்துல கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். போகப்போகப் பழகிடும்."

தையல்காரி மேசைமேல் திறந்து கிடந்த விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே அது தலைகீழாக இருந்தது. துணியைப் புரட்டிப் போட்டுத் தைத்துப் பழகியவளுக்கு அது சிரமமில்லை. பதினான்காம் விதியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'ஒப்பளவு நபர் இல்லாத பட்சத்தில், கடைசியாக எடுக்கப்பட்ட அளவே நிரந்தரமாகும்.'

"இல்லாத பட்சத்தில்னா என்னங்க அர்த்தம்?"

டேப்காரர் தன் டேப்பை அரை அங்குலம் இழுத்தார், விட்டார்.

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க" என்றார் ஆணையர். "எல்லாத்துக்கும் ஏற்பாடு இருக்கு."

அப்போதுதான் அவள் மூலையில் இருந்த வெள்ளைத் துணியைச் சரியாகப் பார்த்தாள். துணி ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு எப்படி விழுகிறது, எங்கே மடிகிறது, மடியில் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தால் உள்ளே இருக்கிற உடம்பு அவளுக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்திருக்கும் பெண். தோள் அகலம் பதினாலரை. வலது தோள் ஒரு நூல் தாழ்வு. அந்த அளவில் அவள் இருபது வருஷமாக ஒருத்திக்குத்தான் தைத்து வருகிறாள். தனக்கு.

"வெண்கலம்" என்றார் டேப்காரர், அவள் பார்வையைக் கவனித்துவிட்டு. கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "நல்லா வந்திருக்கு."

நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. மறுநாள் காலையில் தங்கை கேட்டதற்கு அவள் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டதும் உடனே கொண்டுவரச் சொல்லிவிட்டார். வெல்டிங்காரர் தன் சரக்கு வண்டியில் மெத்தை விரித்து, அவளைக் குப்புறப் படுக்கவைத்துக்கொண்டு போனார். மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றினார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் வார்டு. வார்டுக்குப் புதுக் கதவு. ஸ்ட்ரெச்சர் இருபத்துமூன்று அங்குலம்.

கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா நின்றார். கைக்கெட்டும் தூரத்தில் கட்டில், ஏற்றத் தயாராக மருந்து பாட்டில். தங்கை கையை அக்காவின் தோளுக்குக் கீழே கொடுத்தாள். வெல்டிங்காரர் காலைப் பிடித்தார். தாழ்வாரக் காவலாளி ஓடி வந்து சுவரைக் காட்டினார். பச்சைப் பலகை. 'தூக்காதீர்கள். மாற்றுத்திறனாளியைத் தூக்குவது அவருடைய கண்ணியத்தை அவமதிப்பது. சுயமாக நுழைதல் அவர் உரிமை. மீறுவோர் தண்டிக்கப்படுவர்.'

"அவளுக்கு நினைவே சரியா இல்லங்க" என்றாள் தங்கை.

"எனக்குப் புரியுதும்மா. தூக்கினீங்கன்னா உள்ள சேர்க்க மாட்டாங்க. பேரை எழுத மாட்டாங்க."

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் டேப் சரக்கென்றது.

டேப்காரர் சின்ன நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அதை வீட்டிலிருந்து எடுத்துத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, ஏதோ ஊர்வலத்துக்குக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"உக்காந்தீங்கன்னா ஒரு நிமிஷம்மா. அப்படியே உள்ள போயிடலாம்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸம்மா தலையை ஆட்டினார். கூடாது. தையல்காரி கண்ணைத் திறந்து நாற்காலியின் ஈய முத்திரையைப் பார்த்தாள். அது அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"ஏன்டி" என்று தங்கையைக் கூப்பிட்டாள். "இறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

தங்கை பலகையை மறுபடி படித்தாள். "இல்லக்கா. தூக்கத்தான் கூடாது."

"அப்ப என்னைக் கீழ இறக்கு."

ஸ்ட்ரெச்சரின் உயரத்தைத் தரைவரை தாழ்த்தினார்கள். அவள் ஓரமாகப் புரண்டு குப்புற விழுந்தாள். பதினோரு வருஷம் மிதியை அழுத்திய இடது முழங்கையை முன்னால் ஊன்றினாள். உடம்பை இழுத்தாள். வலது முழங்கையை ஊன்றினாள். கால்கள் பின்னால் நனைந்த துணிபோல இழுபட்டு வந்தன. கட்டியிருந்த கட்டு அவிழ்ந்து தரையில் ஈரக் கோடு போட்டது. யாரும் உதவ முடியாது. வாசலில் ஒரு விரல் உயரத்துக்குப் புது நிலைச் சட்டம் இருந்தது. அதைத் தாண்ட உள்ளங்கை இரண்டையும் அதன்மேல் வைத்து, கையை நீட்டி, ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து அவள் தலைக்கு மேலே சரக்கென்றது.

உள்ளே போய்விட்டாள். உள்ளே தூக்கக் கூடாதென்று பலகை இல்லை. நர்ஸம்மா அவளை வாரியெடுத்துக் கட்டிலில் போட்டு ஊசியை ஏற்றினார். டேப்காரர் வெளியே நின்றபடியே ஒரு புதுப் படிவத்தைத் திறந்தார். 'உயரம் இருபத்துமூன்று' என்று எழுதினார். யோசித்தார். 'தாராளம் ஒன்று' என்று சேர்த்துக்கொண்டார்.

எலும்பைத் தொடுவதற்கு முன்னால் புண் நின்றுவிட்டது. நாற்பது நாள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பத்தாம் நாள் ஆணையர் பார்க்க வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கூட வந்தவர்கள் பக்கம் திரும்பிப் பேசினார்.

"நாங்கள் நாற்காலி வரைதான் யோசித்தோம். இந்தச் சகோதரி எங்களைத் தாண்டிப் போய்விட்டார். கருவி இல்லை, உதவி இல்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. தானே வந்தார். இதைவிடச் சுதந்திரமான நுழைவு உலகத்தில் உண்டா? மற்றவர்களும் இதே வழியில் வரட்டும். நடக்கிறவர், நடக்க முடியாதவர் என்ற பேதமே இனி இருக்காது."

போகும்போது டேப்காரரிடம், சிலையைத் திருத்த வேண்டியிருக்கும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

பதினைந்தாம் நாள் வார்டு வாசலில் கொத்தனார்கள் வந்து செங்கல் அடுக்கினார்கள். இந்தத் தடவை பக்கவாட்டில் இல்லை. மேலிருந்து கீழே, தரைக்கு இரண்டடி இருக்கும்வரை பூசிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நர்ஸம்மா மருந்துத் தட்டை முதலில் தரையில் தள்ளிவிட்டு, பின்னால் தான் வந்தார். பெரிய டாக்டர் வருவது அவருடைய மூச்சிரைப்பிலேயே தெரிந்தது.

அவள் வீடு திரும்புகிற அன்று அவளுடைய பழைய நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி நாற்காலி ஒப்பளவு இல்லை, எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று கடிதமும் இருந்தது. இருபத்தைந்து அங்குலம், அவள் உடம்புக்கென்று செய்தது. மருத்துவமனைக்கு வெளியே வெயிலில் நின்றது. அவள் ஊர்ந்து வெளியே வந்து அதில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குள் ஊரில் எல்லா வாசலும் இரண்டடி உயரமாகியிருந்தது. அதை வைத்துக்கொண்டு போவதற்குத்தான் ஒரு வாசலும் இல்லை.

சந்தைத் தாழ்வாரம் அகலமானது, கூரை உயரமானது, கதவு கிடையாது. கொத்தனார்கள் வருவதற்கு முந்தின நாளே வெல்டிங்காரரும் தங்கையும் மிஷினைக் கடையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அங்கேயே மேசையைப் போட்டு, மிதியை அதன்மேல் வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டு, அவள் தைக்க ஆரம்பித்தாள். அவ்வளவு வேலை அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. எல்லாம் முட்டி. வங்கிக்காரர்களின் கால்சட்டை முட்டி, வாத்தியார்களின் முட்டி, வக்கீல்களின் முட்டி. உள்ளே தோல், வெளியே கெட்டித் துணி என்று இரட்டை ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். முதல் வாரம் வந்தவர்கள் திட்டினார்கள். இரண்டாம் வாரம் எது சீக்கிரம் தேயாது என்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் சிலர் தாழ்வாரத்திலும் எழுந்து நிற்கவில்லை. மேசைக்குக் கீழேயிருந்து ஒரு கை மட்டும் நீண்டு துணியைக் கொடுக்கும்.

முதல் திங்கட்கிழமை டேப் சத்தம் கேட்டது. சத்தம் தரையை ஒட்டி வந்தது. டேப்காரர் அவள் கடைக்குள் ஊர்ந்து போய் அளந்துவிட்டு, அந்த இரண்டடி இடைவெளி வழியாகத் தலையை முதலில் நீட்டி வெளியே வந்தார். படிவத்தைப் பல்லில் கடித்திருந்தார். இரண்டு முட்டியும் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து முழங்காலிலேயே நின்றார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் தலை அவள் தலைக்குக் கீழே இருந்தது.

"அம்மா, எனக்கும் ஒட்டுப் போடணும். கொஞ்சம் பெரிசா. அப்படியே ஒரு சட்டையும் தைக்கணும்."

"அளவுச் சட்டை கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. நீங்களே அளந்துக்கங்க."

அவள் கழுத்திலிருந்து இன்ச் டேப்பை உருவினாள். துணி டேப்புக்குச் சத்தம் கிடையாது.

"அப்ப நிமிர்ந்து நில்லுங்க."

டேப்காரர் ஒரு காலை ஊன்றினார். பாதி எழுந்தார். அப்படியே நின்று மேலே பார்த்தார். தாழ்வாரத்தின் கூரை வெகு உயரத்தில் இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். போன் ரிப்பேர்காரர் தன் கடை இடைவெளிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். டேப்காரர் வாயிலிருந்த படிவத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு ஊன்றிய காலை மெதுவாக மடக்கி, பழையபடி முழங்காலில் இறங்கிக்கொண்டார்.

"இப்படியே எடுத்துக்க முடியாதாம்மா?"

தையல்காரி அவருடைய வளைந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டேப்பின் நுனியை அவர் பிடரியில் வைத்தாள்.

"சரி, அசையாம இருங்க."